காரணம் என்ற கட்டம்

பதிவேட்டில் 'காரணம்' எழுத விட்ட கட்டம்
ஓர் அங்குலம்.
காய்ந்தது, சாய்ந்தது, வரிசை மூன்று.
இதற்குமேல் அதில் இறங்காது.

மேட்டுப்பாளையத்தில் விடியுமுன் ஏறும் ஜீப்பில்
நாற்றுக் கூடைகள் என் முழங்காலை இடித்துக்கொண்டே வரும்.
பாக்குத் தோப்பு முடிந்து
கொண்டை ஊசிகள் தீர்ந்து
பிசின் வாசம் மூக்கில் தட்டினால்
ஊசியிலைகள் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

நட்டவர்கள் கணக்கில் சுத்தம்.
மரத்துக்கு மரம் ஆறடி.
தேருக்குக் கட்டிய கயிறுபோல் நேர்வரிசை.
மழை ஆனியில் வரும், ஐப்பசியில் மறுபடி வரும்,
மார்கழியில் புல் வெளுக்கப் பனி கொட்டும் என்று
திட்டப் புத்தகம், மூன்றாம் பக்கம்.
அந்தப் பக்கத்தை மழை படிக்கவில்லை.

போன மாசியில் மழைமானிக் குடுவைக்குள்
சிலந்தி குடிவைத்திருந்தது.
நாற்பத்தோரு நாள் அதை யாரும் கலைக்கவில்லை.
பங்குனியில் யாரோ போட்ட ஒரு பீடி.
பதினொரு ஏக்கர்.
தழையால் அடித்து அடித்து
புருவம் இல்லாமல் திரும்பிய தீக்காவலர் மசணி
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"நெருப்பு நடக்கலீங்க, உருண்டுச்சுங்க.
காயி ஒவ்வொண்ணும் கங்காட்டம் உருண்டு போயி
கீழ பத்த வெச்சுச்சுங்க."

அதனால் புது உத்தரவு:
அடர்த்தியைக் குறை, மூன்றுக்கு ஒன்று வெட்டு.
வனவர் பொன்னுலிங்கம் சிவப்புப் பெயிண்ட்டோடு முன்னால்,
நான் பதிவேட்டோடு பின்னால்.
"எதுக்குங்க கணக்கு? ஒரேடியா மழிச்சுப்போட்டா
வேல முடிஞ்சுதுங்க" என்றார் கான்ட்ராக்டர்.
மழித்த மேடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.
ஒரே ராத்திரி மழை.
காலையில் மேடு ரோட்டில் கிடந்தது,
ரோடு பள்ளத்தில்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தில்
பெயிண்ட் ஈரமாய் இருக்கும்போதே
மசணி குனிந்து சருகை விலக்கினார்.
முழங்கால் உயரம்,
தாமிரத் தளிர்,
காட்டு நாவல்.
எந்தக் கூடையிலிருந்தும் வந்ததல்ல.
ஏதோ புறா போகிற போக்கில் போட்டது.

நிழல் மொத்தமும் போனால் ஒரு வாரத்தில் கருகும்.
மொத்தமும் இருந்தால் இப்படியே குட்டையாய் நிற்கும்.
என்னைவிட நாலு வயது இளைய மசணி
வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"இத உடுங்க. அக்கட்டால நிக்கறத எடுங்க.
காலை வெயிலு வரட்டும்,
மத்தியான வெயிலு வேண்டாமுங்க."

பொன்னுலிங்கம் கத்தியால் சிவப்பைச் சுரண்டினார்.
பட்டையிலிருந்து பிசின் வழிந்தது.
அதன்பிறகு வரிசையை விட்டுவிட்டோம்.
ஒவ்வொரு மரத்தடியிலும் முட்டி போட்டு
கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்து
வெயிலுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று
மூன்று பேரும் சண்டை போட்டோம்.
ஒரு தடவை நான் சொன்னது தப்பு.
ஒரு தடவை மசணி சொன்னதும்.

பொழுதோட கூட்டிப் பார்த்தால்
உத்தரவில் எழுநூறு,
குறித்தது ஐந்நூற்று முப்பத்தெட்டு.
கான்ட்ராக்டர் லாரியை எண்ணிக்கொண்டு
எங்களை எண்ணாமல் போனார்.
"ஆடிட்டில் கேப்பாங்க" என்றார் பொன்னுலிங்கம்.

ஓர் அங்குலக் கட்டத்தில்
'மத்தியான வெயில்' என்று நுணுக்கி எழுதினேன்.
அதற்குக் கீழே மேற்படி.
மேற்படி.
மேற்படி.
நூற்று அறுபத்திரண்டு விட்ட மரங்களுக்கு.

அடுத்த பங்குனியில் காய் மறுபடி உருண்டால்
நாவலும் போகும், மேலே குடைபிடித்ததும் போகும்;
என் கையெழுத்து மட்டும் பீரோவில் பத்திரமாய் இருக்கும்.
தெரியும்.

விரலில் இருந்த பிசின்
இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டிவிட்டது.
பிரித்தால் கிழியும்.
அப்படியே கொடுத்தேன்.